மானிப்பாய் அச்சுக்காரரின் மகனும் அரைத்தாள் துண்டுகளும்

1879ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் 8 பக்கத்தில் ஒரு சிறு வெளியீடு அச்சாகி வந்தது. முதலில் 2,000 பிரதிகள். புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் வைத்தார்கள், பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களே, வாசிக்கிறவர்களே, பழைய புத்தகங்களை எடுத்து வாசியுங்கள். கண்ணில் படுகிற சொற்களை அவை நிற்கும் வசனத்தோடு பெயர்த்தெழுதி எங்களுக்கு அனுப்புங்கள் என்பதுதான் அதில் இருந்த வேண்டுகோள். கூலி கிடையாது. கேட்டவர் ஜேம்ஸ் மரே. ஸ்கொட்லாந்தின் டென்ஹோம் என்ற கிராமத்தில் பிறந்து, 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு தானாகவே படித்து, லண்டனுக்குப் பக்கத்தில் மில் ஹில் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அந்த மார்ச் மாதம்தான் ஓர் ஆங்கில அகராதிக்காக அவரோடு ஒப்பந்தம் எழுதியிருந்தது. 10 வருடத்தில் 4 தொகுதி, அகராதி முடிந்துவிடும் என்று இரண்டு தரப்பும் நம்பியிருந்த காலம் அது.

அனுப்புகிற துண்டுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். கடிதத் தாளில் பாதி. இடது பக்க மேல் மூலையில் சொல். அடுத்து ஆண்டு, ஆசிரியர், நூல், பதிப்பு, பக்கம். அதன் கீழே வசனம், ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல். இவ்வளவுதான். பார்க்க இலேசு. ஆனால் ஒரு வசனத்தைப் பார்த்தபடி அப்படியே எழுதுவது எத்தனை பேருக்குக் கைவராது என்பது எனக்குத் தெரியும். நான் அச்சுக்கூடங்களிலும் பத்திரிகைக் கந்தோர்களிலும் ஒப்புநோக்குநராகச் சீவித்தவன். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் ஈயவெழுத்தில் எடுத்த காலி புரூவைப் பார்த்துத் திருத்துகிற காலம். வேலை பழக்கிய பெரியவர் என்னை அதட்டுகிற அதட்டு ஒன்றுதான்: “தம்பி, கொப்பியில என்ன கிடக்கோ அதை வாசி. நீ நினைக்கிறதை வாசிக்காத.” மரே தன் வாசகர்களிடம் கேட்டதும் இதைத்தான். உன் கருத்து வேண்டாம், புத்தகத்தில் என்ன கிடக்கிறதோ அதை எழுது.

இந்தத் துண்டு வேலையை மரே தொடக்கி வைக்கவில்லை. 1857 நவம்பரில் லண்டன் மொழிநூற் சங்கத்தில் ரிச்சர்ட் ட்ரெஞ்ச் என்ற பாதிரியார், வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலின் தலைமைக் குரு, இருந்த ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றி இரண்டு கட்டுரை வாசித்தார். ஒரு சொல் எப்போது பிறந்தது, எப்போது வழக்கொழிந்தது என்று எந்த அகராதியும் சொல்வதில்லை என்பது அவருடைய முறைப்பாடு. நல்ல சொல், கெட்ட சொல் என்று தீர்ப்புச் சொல்வது அகராதிக்காரனின் வேலை அல்ல, அவன் சொற்களின் சரித்திரகாரன் என்றார். இத்தனை நூற்றாண்டுப் புத்தகங்களை ஓர் ஆள் வாசிக்க முடியாது, ஆகவே பலர் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் பதிப்பாசிரியர் ஹேர்பேர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். துண்டுகளைப் போட 54 அறைகள் கொண்ட ஒரு தட்டுச் செய்வித்தார். ஒரு இலட்சம் துண்டு கொள்ளும். அது நிரம்ப முன்னரே, 1861இல், 30 வயதில் சயரோகத்தில் இறந்துபோனார்.

அடுத்து வந்தவர் பிரெடரிக் பர்னிவல். உற்சாகத்துக்குக் குறைவில்லாத மனிதர், ஒழுங்குக்குத்தான் குறை. பழைய கையெழுத்துப் பிரதிகள் அச்சில் இல்லையே, வாசகர்கள் எதை வாசிப்பார்கள் என்று யோசித்து, 1864இல் பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பிக்க ஒரு சங்கம் தொடங்கினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருடைய மற்றக் குழப்பங்களை மன்னிக்கலாம். குழப்பமும் கொஞ்சநஞ்சம் அல்ல. எழுத்துவாரியாகத் துண்டுக் கட்டுகளைத் துணைப்பதிப்பாசிரியர்களிடம் பிரித்துக் கொடுத்தார். அவர்கள் வீடு மாறினார்கள், ஊர் மாறினார்கள், செத்தும் போனார்கள். 1879இல் மரே பொறுப்பை ஏற்றபோது பர்னிவல் வீட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய துண்டுகளின் பாரம் ஏறக்குறைய 2 தொன். ஒரு சாக்கில் செத்த எலி. இன்னொன்றில் உயிரோடு ஒரு சுண்டெலியும் அதன் குஞ்சுகளும். எச் எழுத்து முழுவதும் இத்தாலியில் புளோரன்ஸ் நகரில் கிடந்தது. அங்கே இருந்த அமெரிக்கத் தூதுவர் ஒருவர் பொறுப்பெடுத்து வைத்திருந்தார். ‘பா’ என்று தொடங்கும் சொற்களின் துண்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில். மிச்சம் எங்கே என்று கேட்டால், அடுப்பு மூட்ட எடுத்துவிட்டார்கள்.

மரே பள்ளிக்கூட வளவில் தகரத்தால் ஒரு கொட்டகை போட்டார். நெருப்புப் பயம், தாளெல்லாம் எரிந்துபோனால் திரும்ப எழுத ஆளில்லை. உள்ளே சுவரோடு 1,029 அறைகள். கோல்ரிட்ஜின் 54 எங்கே, இது எங்கே. அந்தக் கொட்டகைக்கு மத்தியகால மடங்களில் ஏடு பெயர்த்தெழுதும் அறைக்கு இருந்த பெயரையே வைத்தார்: ஸ்கிரிப்டோரியம். பிள்ளைகள் அதைச் சுருக்கி ‘ஸ்கிரிப்பி’ என்றார்கள்.

இனி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இந்த வேலை எப்படி நடந்தது என்று பார்க்கலாம். ஆங்கிலத்தில் சந்தேகத்துக்கு ‘டவுட்’ என்கிறோம். அதற்கு ‘மிஸ்டவுட்’ என்று பழங்காலச் சகோதரம் ஒன்று உண்டு. இன்றைக்கு அதைச் சரித்திர நாவல் எழுதுகிறவர்கள்தான் பழைய வாடை வரவேண்டும் என்று எடுப்பார்கள். ‘மிஸ்’ என்ற முன்னொட்டு வந்தால் பிழையான, எதிரான என்று பொருள் கொள்ளப் பழகிய நமக்கு இது இடறும். மிஸ்டவுட் என்றால் சந்தேகப்படாமல் இருத்தல் அல்ல. இன்னும் கனமான சந்தேகம், அச்சம் கலந்த சந்தேகம்.

இது எனக்கு எப்படித் தெரியும்? யாரோ துண்டு எழுதி அனுப்பியதால் தெரியும். அகராதிக்காரன் பொருளைத் தன் தலையிலிருந்து எடுப்பதில்லை. துண்டுகளை மேசையில் பரப்பி, ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொரு வசனத்திலும் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் எழுதுகிறான். மிஸ்டவுட்டுக்கு ஷேக்ஸ்பியரில் மட்டும் நல்ல சாட்சிகள் இருக்கின்றன. ‘வின்ட்ஸரின் மகிழ்ச்சியான மனைவியர்’ நாடகத்தில் ஃபோர்ட் என்ற கணவன், பெண்சாதி மேல் தனக்கு அப்படி ஒரு சந்தேகமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே சந்தேகப்படுகிற இடத்தில் இது வினைச்சொல்லாக வருகிறது. ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ட்’டில் ஜாக்குநெத்தா என்ற நாட்டுப்புறப் பெண் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, ஊர்ப் பாதிரியார் இதில் ஏதோ இருக்கிறது என்று ஐயப்படுகிறார் என்று சொல்லும் இடத்திலும் இதே வினை. ‘ஆறாம் ஹென்றி’ மூன்றாம் பாகத்தில் அரசன் சிறையில், கொல்லப்படப் போகிற நேரத்தில், பிசினில் அகப்பட்ட பறவையைப் பற்றிப் பேசுகையில் வருகிறது. அங்கே அது முழுக்கப் பயம். இரண்டாம் பாகத்தில் யோர்க் பிரபு தனக்குத்தானே பேசும்போது பெயர்ச்சொல்லாக வருகிறது. பொறாமைக்காரக் கணவன், எழுத வாசிக்கத் தெரியாத பெட்டை, சாகப்போகிற அரசன், அரசனாக ஆசைப்படுகிற பிரபு. நாலு வாயிலும் நாலு விதமாக இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. அப்படியானால் அந்தக் காலத்தில் அது சபைக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல, சந்தைக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல. 19ஆம் நூற்றாண்டு நாவல்காரர் கைக்கு வந்தபோது நிலைமை மாறிவிட்டது. கிராமத்துக் கிழவர்களைப் பேசவைக்க வேண்டுமானால் எடுக்கிற சொல்லாக அது ஆகிவிட்டது. அகராதியில் ஒரு சொல்லின் கீழே மேலிருந்து கீழாக ஆண்டு போட்டு நிற்கும் வசனங்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனாலே, இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியும். விளக்கத்தை நான் பிறகுதான் வாசிப்பேன்.

எம் எழுத்தைப் பதிப்பித்தவர் மரே அல்ல, ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டில் கத்தி முள்ளுக்கரண்டி செய்யும் கம்பனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். 1884இல் அகராதியின் முதல் பகுதிக்கு ஒரு பத்திரிகையில் மதிப்புரை எழுதினார். அந்த மதிப்புரையில் இருந்த அறிவைப் பார்த்துவிட்டு மரே அவரை வேலைக்கே பிடித்துக்கொண்டார். குற்றம் கண்டுபிடித்தவனைக் கூப்பிட்டுக் கதிரை கொடுப்பது எங்கள் தொழிலில் நான் காணாத அதிசயம்.

‘டவுட்’ மரேயின் பங்கில் வந்தது. அந்தச் சொல்லில் உச்சரிக்காத ஒரு ‘பி’ இருக்கிறதே, அது அச்சுக்காரனுக்குச் சுவையான விஷயம். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. பிறகு படித்தவர்கள், இதன் மூலம் லத்தீனில் ‘டுபிடாரே’ அல்லவா, அதில் ‘பி’ உண்டே என்று கொண்டுவந்து செருகினார்கள். ஜனங்கள் அதைச் சட்டை செய்யாமல் பழையபடியே சொல்லிக்கொண்டு போனார்கள். ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ட்’டிலேயே ஹோலோபெர்னிஸ் என்ற வாத்தியார், சனங்கள் ‘பி’யை விழுங்கிவிடுகிறார்கள் என்று கோபப்படுவார். அந்த நாடகம் 1598இல் அச்சில் வந்துவிட்டது. 400 வருடமாக வாத்தியார்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள், எழுத்து மட்டும் போகவில்லை. மரேக்கு இந்தச் சொல்லில் இன்னொரு சொந்தமும் உண்டு. அவருடைய ஊர்ப் பேச்சில் ‘மழை வரும் என்று டவுட் பண்ணுகிறேன்’ என்றால் மழை வரும்போல இருக்கிறது என்று அர்த்தம். லண்டன்காரனுக்கு அது நேரெதிர். தெற்கு ஸ்கொட்லாந்துப் பேச்சுவழக்கைப் பற்றி 1873இலேயே புத்தகம் எழுதியிருந்த மனிதருக்கு, எந்தச் சொல்லையும் துண்டு பார்க்காமல் நம்பக்கூடாது என்று வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

வேண்டுகோளில் ஓர் ஓட்டை இருந்தது. அரிதான, வழக்கொழிந்த, பழமையான, புதுமையான, விசித்திரமான சொல் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வாசகர்கள் அதை அச்சரம் பிசகாமல் செய்தார்கள். விளைவு என்ன? ‘அபியூஸ்’ என்ற அன்றாடச் சொல்லுக்கு 5 துண்டுகூடத் தேறவில்லை. ‘அபியூஷன்’ என்ற, யாரும் பாவிக்காத பழைய சொல்லுக்கு 50 துண்டு. மரே தலையில் கைவைத்தார். மிஸ்டவுட் மாதிரிச் சொல்லைப் பார்த்தவுடன் வாசகன் பென்சிலை எடுப்பான். டவுட்டைத் தாண்டிப் போய்விடுவான். கண் அப்படித்தான். எங்கள் தொழிலிலும் அரிய சொல்லில் பிழை தப்புவதில்லை; ‘என்று’ ‘என்ற’ என்பதில்தான் பிழை ஒளித்திருக்கும். கடைசியில் சாதாரணச் சொற்களைத் தேடி மரேயும் உதவியாளர்களுமே புத்தகங்களைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

1884இல் முதல் பகுதி வந்தது: 352 பக்கம், ‘ஏ’ முதல் ‘ஆன்ட்’ வரை. 5 வருட உழைப்பில் எறும்பு வரைக்கும்தான் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு மரே குடும்பத்தோடு ஒக்ஸ்போர்டுக்குப் போனார். 78 பான்பரி றோட்டில் வீடு. தோட்டத்தில் புதுக் கொட்டகை. பக்கத்து வீட்டுப் பேராசிரியர் தன் பார்வையை மறைக்கிறது என்று சொன்னதால், நிலத்தைக் கிண்டி 3 அடி தாழ்த்திக் கட்டினார்கள். அதனால் உள்ளே ஈரமும் குளிரும். குளிர்காலத்தில் மரே கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்வார். வருகிற போகிற தபால் அவ்வளவு அதிகம் என்பதால் தபால் திணைக்களம் வீட்டு வாசலிலேயே ஒரு சிவப்புத் தபால்பெட்டியை நட்டது. ‘மிஸ்டர் மரே, ஒக்ஸ்போர்ட்’ என்று எழுதினாலே வந்துசேரும். 11 பிள்ளைகள். எழுத்து வாசிக்கத் தெரிந்த வயது வந்தவுடன் ஒவ்வொரு பிள்ளையும் துண்டுகளை அகரவரிசைப்படுத்த உட்கார வேண்டும். கைச்செலவுக்கு அதுதான் வழி.

எவ்வளவு கவனம் இருந்தும் கை நழுவும். ‘பொண்ட்மெய்ட்’, அடிமைப்பெண் என்ற சொல்லின் துண்டுகள் எங்கோ தவறிப்போக, அந்தச் சொல்லே இல்லாமல் முதல் தொகுதி அச்சேறிவிட்டது. எத்தனையோ பேர் புரூவ் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. புத்தகத்தில் இருக்கிற பிழையை நாங்கள் பிடிப்போம். இல்லாத சொல்லை எப்படிப் பிடிப்பது? 1933 இணைப்புத் தொகுதியில்தான் அது இடம்பிடித்தது.

துண்டு அனுப்பியவர்களின் பெயர்கள் முன்னுரைகளில் இருக்கின்றன. தோமஸ் ஒஸ்டின் 1,65,000. வில்லியம் டக்ளஸ் 1,36,000. வியன்னாவிலிருந்து ஹெல்விக் என்ற டொக்டர் 50,000. தோம்சன் சகோதரிகள் இருவர் முதல் தொகுதிக்கு 15,000. பிறகு வருடக்கணக்காகப் புரூவும் பார்த்தார்கள். ஃபிட்ஸெட்வேர்ட் ஹோல் என்ற அமெரிக்கர், ஓடிப்போன தம்பியைத் தேடிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து, இந்தியாவிலேயே தங்கிக் காசியில் சம்ஸ்கிருதம் படிப்பித்தவர். பிறகு இங்கிலாந்தில் பேராசிரியராகி, சண்டைப்பட்டு, ஒரு கிராமத்தில் ஒதுங்கிக்கொண்டவர். அவர் தினமும் 4 மணித்தியாலம் அகராதிப் புரூவுகளில் உட்கார்ந்தார், 1901இல் இறக்கும்வரை.

இந்தப் பட்டியலில் ‘டொக்டர் டபிள்யூ. சி. மைனர், குரோதோர்ன்’ என்று ஒரு பெயர். எங்கள் ஊரோடு இந்தக் கதை தொடுகிற இடம் இதுதான்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள். 1820இல் ஓர் அச்சியந்திரமும் அதை ஓட்ட ஓர் ஆளும் வந்தபோது, கவர்னர் பார்ன்ஸ் அமெரிக்க அச்சுக்காரர் இந்தத் தீவில் இருக்கக்கூடாது என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பார்ன்ஸ் போன பிறகு, 1834இல், மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் தொடங்கியது. அதை நடத்த வந்தவர் ஈஸ்ட்மன் ஸ்ட்ரோங் மைனர். அந்த ஜூன் மாதமே அவருக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது: வில்லியம் செஸ்டர் மைனர். அவனுக்கு ஆறு வயதாக இருக்கையில், 1841 ஜனவரி 7ஆம் திகதி, உதயதாரகைப் பத்திரிகையின் முதல் இதழ் வெளியாயிற்று. எட்டு வயதாக இருக்கையில், 1842இல், தகப்பனின் அச்சுக்கூடத்தில் ஒரு தமிழ் அகராதி அச்சாயிற்று. சந்திரசேகர பண்டிதர் தொகுத்து லெவி ஸ்போல்டிங் பாதிரியார் முன்னின்று நடத்திய, 58,500 சொற்கள் கொண்ட அந்த நூலைத்தான் மானிப்பாய் அகராதி என்கிறோம். அவ்வளவு பெரிய அகராதியைக் கையால் எழுத்துக் கோத்து அடிப்பதென்றால், வீடும் அச்சுக்கூடமும் மாதக்கணக்கில் அதே கதையாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையின் காதில் தமிழும், மூக்கில் மையும் ஏறாமல் இருந்திருக்க வழியில்லை என்று நான் நினைக்கிறேன். 14 வயதில் அவனைப் படிக்கவென்று அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மைனர் டொக்டராகி, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இராணுவத்தில் சேவைசெய்தார். பிறகு மனம் பேதலித்தது. இரவில் யாரோ அறைக்குள் புகுந்து தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. உடம்பு தேற லண்டனுக்கு வந்தவர், 1872 பெப்ரவரியில் ஒரு விடியப்புறம், லம்பெத் வீதியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜோர்ஜ் மெரெட் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். செத்தவருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விதவையும் ஒரு வீடு நிறையப் பிள்ளைகளும் நடுத்தெருவில் நின்றார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் டொக்டரின் படிப்பில் மயங்கி மெரெட்டை மறந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. நீதிமன்றம் சித்தசுவாதீனம் இல்லை என்று தீர்த்து, குரோதோர்ன் கிராமத்தருகே இருந்த பிராட்மூர் மனநோயாளர் காப்பகத்துக்கு அனுப்பியது.

இராணுவ ஓய்வூதியம் இருந்தது. அந்தக் காசில் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுப் பழம்புத்தகங்களாக வாங்கி, தனக்குத் தந்த இரண்டு அறைகளில் ஒன்றை நூல்நிலையமாக்கினார். 1880களின் தொடக்கத்தில் மரேக்குத் துண்டு அனுப்பத் தொடங்கினார். அவருடைய முறை மற்றவர்களுடையதைப் போன்றதல்ல, அதனால்தான் விரித்துச் சொல்கிறேன். மற்றவர்கள் ஒரு புத்தகத்தை வாசித்துக்கொண்டே துண்டு எழுதி, கட்டுக்கட்டாக அனுப்பிவிடுவார்கள். மைனர் அப்படி எழுதவில்லை. தாளை மடித்துச் சின்னக் கொப்பியாக்கி, புத்தகம் ஒன்றுக்கு ஒரு கொப்பி வைத்தார். வாசிக்க வாசிக்க, சொல்லை அகரவரிசையில் அதற்குரிய இடத்தில், நுணுக்கமான எழுத்தில் எழுதி, பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்வார். அதே சொல் மறுபடி வந்தால் இன்னொரு பக்க எண். இப்படிப் புத்தகத்துக்கு ஒரு சொல்லடைவு. பிறகு ஒக்ஸ்போர்டுக்குக் கடிதம் போட்டு, இந்த வாரம் எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள், எதற்குச் சாட்சி போதவில்லை என்று கேட்பார். பதில் வந்தவுடன் கொப்பிகளைப் புரட்டி, எந்தெந்த நூலில் எந்தெந்தப் பக்கம் என்று பிடித்து, தேவையான வசனங்களை மட்டும் எழுதி அனுப்புவார். கடைத்தெருவில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்து கொட்டாமல், சமையல்காரரிடம் என்ன குறைகிறது என்று கேட்டு வாங்கி வருகிற வேலை இது. வேண்டாத துண்டு ஒன்றுகூட வராது. கடந்த நான்கு நூற்றாண்டுச் சொற்களையும் மைனரின் துண்டுகளை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்று 1899இல் மரே சொன்னார். மிகைதான். ஆனாலும் மரே எளிதில் மிகையாகப் பேசுகிற ஆள் அல்ல.

இருவரும் முதலில் சந்தித்ததைப் பற்றி ஒரு கட்டுக்கதை உலாவுகிறது. மரே பிராட்மூருக்குப் போய், அங்கே இருந்த அதிகாரியைத்தான் மைனர் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அதிகாரி, இல்லை ஐயா, மைனர் இங்கே நோயாளி என்றாராம். 1915இல் ஒரு சஞ்சிகை இதை அச்சிட்டது. இன்றைக்கும் ஆட்கள் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உண்மை வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாவர்ட் நூலகர் ஜஸ்டின் வின்ஸர் பேச்சுவாக்கில் மைனரின் நிலையைச் சொல்லிவிட்டார். 1891 ஜனவரியில் மரே பிராட்மூருக்குப் போனபோது எல்லாம் தெரிந்துதான் போனார். தெரிந்த பிறகும் போனார், அதற்குப் பிறகும் வருடக்கணக்காகப் போய்வந்தார் என்பது கட்டுக்கதையைவிட நல்ல கதை. சொற்களுக்கெல்லாம் துண்டு கேட்ட மனிதரைப் பற்றியே துண்டு இல்லாத கதை ஒன்று இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

வயது ஏற ஏற மைனரின் நோய் முற்றியது. 1910இல் உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் ஒப்பமிட, அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மரே 1915 ஜூலையில் இறந்தார். டி (T) எழுத்தில் நின்றது அவருடைய வேலை. மைனர் 1920இல் போனார். பிராட்லி 1923இல். அகராதியின் கடைசிப் பகுதி 1928 ஏப்ரலில் வெளியானது. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். வந்து சேர்ந்த துண்டுகள் 50 இலட்சம் அளவில். 10 வருடத்தில் முடிப்போம் என்று ஒப்பமிட்ட வேலை, ஒப்பந்தத்திலிருந்து 49 வருடம் எடுத்தது.

தமிழ்ப் பக்கமும் இதே அமெரிக்க மிஷன் கையோடுதான் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்சேர்க்கை, சென்னையில் மிரன் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதியாக 1862இல் முடிந்தது; 67,000 சொற்களுக்கு மேல். அதற்குப் பிறகு, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லரை முதல் பதிப்பாசிரியராக வைத்துத் தொடங்கி, வையாபுரிப் பிள்ளை முடித்துவைத்த தமிழ் லெக்சிகன், 1936இல் ஆறு தொகுதியாக நிறைவேறியது. அது பெரிய காரியம். குறை சொல்ல எனக்கு வாய் வராது. இலக்கியச் சொல்லுக்கெல்லாம் நூற்பெயரும் பாட்டெண்ணும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆண்டு இல்லை. பேச்சுச் சொல்லுக்கு ஆண்டும் இல்லை, வசனமும் இல்லை. யாழ்ப்பாண வழக்கு என்பதற்கு ‘ஜே’ என்று ஓர் எழுத்து, அல்லது வின்ஸ்லோவிலிருந்து எடுத்தது என்பதற்கு ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து, அவ்வளவோடு நின்றுவிடும். அந்தச் சொல்லை யார், எப்போது, எந்த வசனத்தில் எழுதினார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

சந்தேகத்துக்கே எங்களிடம் ஒரு சொல் உண்டு: ஐமிச்சம். என் அம்மம்மாவுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, ஐமிச்சம்தான் வரும். பால்காரன் தண்ணி கலக்கிறானோ என்று ஐமிச்சம், வாற மாப்பிள்ளை குடிப்பானோ என்று ஐமிச்சம். என் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவர்களுக்கு வருவது டவுட். இது எப்போது அச்சில் முதலில் ஏறியது, எந்தக் கதைகாரர் யாருடைய வாயில் போட்டார், எப்போதிருந்து கிழவிகளின் சொல்லாக மட்டும் மிஞ்சியது? மிஸ்டவுட்டுக்கு இதற்கெல்லாம் ஆண்டு போட்டுப் பதில் இருக்கிறது.

இது பெரிய நிறுவனம்தான் செய்ய வேண்டிய வேலை என்று நான் நினைக்கவில்லை. பழைய உதயதாரகை, இந்து சாதனம், ஈழகேசரி இதழ்களும், அந்தக் காலத்து நாவல்களும் இன்று நூலகம் எண்ணிம ஆவணத்தில் இருந்த இடத்திலேயே திறந்து வாசிக்கலாம். வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். சொல், ஆண்டு, பத்திரிகை அல்லது நூல், பக்கம், முழு வசனம். அரிய சொல்லை மட்டும் எழுதாமல் சாதாரணச் சொல்லையும் எழுதுங்கள். நீங்கள் நினைப்பதை எழுதாமல் தாளில் கிடப்பதை எழுதுங்கள். ஐமிச்சம் என்ற சொல் 1900க்கு முன் அச்சில் வந்த ஒரு வசனம் யாருக்காவது அகப்பட்டால், பக்க எண்ணோடு இந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள்.